அப்பாவின் சட்டைப் பையில் எந்த மாத்திரை இருக்கலாம்?

மேலூர் மகள்:
அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை நோயாளி, ஊரில் தனியாக இருக்கிறார். போன வாரம் பக்கத்துத் தெருக்காரர் நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். அன்றிலிருந்து அப்பா ஆஸ்பிரின், நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட், ஒரு வாயு மாத்திரை மூன்றையும் பொட்டலமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் வந்த யோசனையாம். வலி வந்தால் எதை முதலில் போடச் சொல்வது?

ஓய்வுபெற்ற செவிலியர்:
சகோதரி, முதலில் 108. மாத்திரை அதற்குப் பிறகுதான்.

ஆஸ்பிரின் இருக்கட்டும். ஆனால் குடற்புண், இரத்தக்கசிவு, ஒவ்வாமை எதுவும் இல்லையே என்று அவருடைய மருத்துவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். 300 மி.கி., அதாவது 75 மி.கி. மாத்திரை என்றால் நான்கு. மென்று விழுங்க வேண்டும். மேற்பூச்சுள்ள மாத்திரையை முழுதாக விழுங்கினால் வேலை செய்யத் தாமதமாகும். அது இரத்தக்கட்டி மேலும் வளராமல் தடுக்கும், இருக்கிற கட்டியைக் கரைக்காது. அதனால்தான் மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கிறது.

மருத்துவர் அவருக்கென்று எழுதித் தராத சார்பிட்ரேட்டை இன்றே எடுத்துவிடுங்கள். ஒரு நாள் அதிகாலையில் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். வலி நிற்கவில்லை என்று அவர் மனைவி நாக்கின் அடியில் இரண்டு மாத்திரை வைத்திருக்கிறார். மணிக்கட்டைப் பிடித்தேன், கை சில்லென்று நனைந்திருந்தது, நாடி விரலுக்குத் தட்டுப்படவே இல்லை. இரத்த அழுத்தம் 70. ஈ.சி.ஜி.யில் இதயத்தின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டிருந்தது. அந்த நிலையில் இந்த மாத்திரை அழுத்தத்தை அடியோடு இறக்கிவிடும். காலை உயர்த்திவைத்து சலைன் ஏற்றினோம், பிழைத்துக்கொண்டார். அந்த அம்மாள் காலி அட்டையைக் கடைசிவரை கையிலிருந்து விடவில்லை.

ஆண்மைக்குறைவுக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கும் இது ஆபத்து. அப்பாவிடம் இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

திருச்சி வாசகர்:
வாயு மாத்திரையையும் எடுத்துவிடுங்கள். என் அண்ணன் வாயு என்று நினைத்து சோடா குடித்தே இரண்டு மணி நேரத்தை விட்டுவிட்டார்.

ஓய்வுபெற்ற செவிலியர்:
உண்மை. அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் வெறும் வியர்வையும் மூச்சிரைப்புமாக மாரடைப்பு வரலாம். இன்னொன்று: 2023 முதல் தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், அதைப்போலவே இரத்தக்கட்டியைத் தடுக்கும் குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் மூன்றும் சேர்த்து 14 மாத்திரைகள் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

மேலூர் மகள்:
அப்பாவிடம் பேசிவிட்டேன். மற்ற இரண்டையும் எடுத்துவிட்டார். நாளை மருத்துவரிடம் போகிறார். பொட்டலத்தின் மேல் 108 என்று பெரிதாக எழுதச் சொல்லியிருக்கிறேன்.