சாந்து இல்லாமல் ரோமானியக் கல்வளைவு எப்படி நிற்கிறது?

ஏற்காடு: எஸ்டேட் ஓடைமேல் 3 மீட்டருக்குக் கருங்கல் வளைவுப் பாலம் கட்டணும். ரோமானியர் முறையில், சாந்தில்லாமல் முடியுமாங்க?

சேலம் கொத்தனார்: முடியும். ஸ்பெயினின் அல்காந்தரா பாலம், கி.பி. 106, கிரானைட், 6 வளைவு, அப்படித்தான் கட்டினாங்க. ஆப்பு வடிவக் கற்களை மரச் சாரத்தின்மேல் இரு பக்கமும் சமமாக ஏத்தணும். ஒரு பக்கம் மட்டும் ஏறினால் சாரம் கோணிடும். உச்சிக்கல் உட்கார்ந்த பிறகு, சாரத்தின் அடி ஆப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்க.

ஏற்காடு: கல் இடுக்கில் சில்லு சொருகலாமா?

சேலம் கொத்தனார்: வேண்டாம். கல்லோடு கல் முகம் முழுக்கப் படியணும். முனையில் மட்டும் பட்டால் பாரம் அங்கேயே குவிந்து கல் தெறிக்கும்.

ஓமலூர்: அஸ்திவாரத்தை மறந்துடாதீங்க! வெள்ளம் அடிமண்ணை அரித்துத்தான் பல பாலங்கள் விழுது. பாறை வரை தோண்டுங்க. ரோமின் ஃபாப்ரிசியஸ் பாலத்தில், கி.மு. 62, நடுத்தூணிலேயே வெள்ளம் போக வழி விட்டிருக்காங்க.