புதுப்பிப்பு: பொன்னெழுத்து லேபிள் பீட்டில்ஸ் தட்டு

பீட்டில்ஸின் 'பிளீஸ் பிளீஸ் மீ' மோனோ தட்டு, 1963இன் முதல் அச்சுதானா என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா? பார்த்தாச்சு. கறுப்பு லேபிளில் பொன்னெழுத்து, சரி. ஆனால் லெனன், மெக்கார்ட்னி பாடல்களின் உரிமை, முதல் அச்சில் இருப்பதுபோல் 'டிக் ஜேம்ஸ்' என்ற பதிப்பாளர் பெயரில் இல்லை. 'நார்தர்ன் சாங்ஸ்' என்றிருக்கிறது. ஆக, அதே ஆண்டின் அடுத்த அச்சு. மஞ்சளெழுத்து வருவதற்கு முந்தையதுதானே, வருத்தமில்லை.

அப்புறம், லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் 'ஆர்ஓ' என்று மங்கலாகத் தெரிகிறது. தட்டை வெளியிட்ட ஈஎம்ஐ நிறுவனம் அங்கே ஸ்டாம்பரின் (தட்டை அழுத்தி எடுக்கும் உலோக அச்சு) எண்ணுக்குப் பதில் எழுத்துகளைப் பொறித்தது: ஜி என்றால் 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5. அப்படியானால் என்னுடையது 25ஆவது ஸ்டாம்பர். சின்ன எண் என்றாலே ஒலி உசத்தி என்பார்கள். கீறலில்லாத தட்டுதான் எனக்கு முக்கியம். இது விற்பனைக்கில்லை, கேட்டவர்களுக்கு அதுதான் பதில்.