ஸூனி, பிறகு தமரோவா: ஒரே கப்பல், இரண்டு படைகள்

வடக்கயிறு:
துறைமுக டக் (இழுவைக் கப்பல்) வேறு, ஸூனி மாதிரி டக் வேறு. துறைமுக டக் கப்பலை முட்டித் தள்ளும். ஸூனி போன்றவை நடுக்கடலில் நாள்கணக்கில் வடம்கட்டி இழுக்கும். அமெரிக்கக் கடற்படையில் 1943 அக்டோபரில் சேர்ந்த 62 மீட்டர் கப்பல் அது. 1944 நவம்பரில் டார்பிடோ பட்டுத் தத்தளித்த ரீனோ என்ற குரூசரை (போர்க்கப்பல்) பசிபிக்கின் உலித்தி தீவு வரை 1,500 மைல் இழுத்தது. ரீனோவின் எடை 6,000 டன்னுக்கும் மேல்.

வடத்தை விறைப்பாக வைத்தால் அறுந்துவிடும். நீளமாக விட்டு, நடுப்பகுதி தன் எடையிலேயே தண்ணீருக்குள் தொய்ந்து கிடக்கவேண்டும். அந்தத் தொய்வுதான் ஸ்பிரிங். இரண்டு கப்பலும் ஒரே சமயத்தில் அலை ஏறி, ஒரே சமயத்தில் இறங்கும்படி நீளத்தை வைக்கவேண்டும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் ஒவ்வொரு அலைக்கும் வெட்டி இழுக்கும். டக்கின் அமரத்தில் (பின்முனை) உரசும் இடத்தில் கிரீஸ் பூசி, அவ்வப்போது கொஞ்சம் வடத்தை விட்டு உரசும் இடத்தை மாற்றுவார்கள். இழுபடும் கப்பலின் அணியத்தில் (முன்முனை) மட்டும் சங்கிலி. அங்கே கம்பி வடம் தேய்ந்துபோகும்.

என்ஜின்ரூம்:
இன்னொன்றைச் சேர்க்கணும். பல வடங்கள் அறுவது புயலில் இல்லை, முதல் இழுப்பில். ஸூனியில் 4 டீசல் என்ஜின் ஜெனரேட்டரை ஓட்டும், மின்மோட்டார் ஒற்றை ப்ரொப்பெல்லரைச் சுற்றும். டீசலை ப்ரொப்பெல்லரோடு நேரடியாகப் பூட்டினால் ஒரு அளவுக்குக் கீழே மெதுவாக ஓடாது, அணைந்துவிடும். மோட்டாரோ பூஜ்ஜியத்திலிருந்து கிளம்பும், தொய்வைப் பதமாக எடுக்கலாம். ஒரு டீசல் படுத்தாலும் மற்ற மூன்றில் வேலை நடக்கும்.

கரைதட்டி:
இவோ ஜிமாவை விட்டுவிட்டீர்களே. 1945இல் அந்த ஜப்பானியத் தீவில் வெடிமருந்து இறக்கிக்கொண்டிருந்த எல்எஸ்டி (கரையில் ஏறிச் சரக்கு இறக்கும் கப்பல்) அலையில் திரும்பி, கரைக்குப் பக்கவாட்டாக விழப்பார்த்தது. அதைத் தாங்க ஸூனி வேண்டுமென்றே பக்கத்தில் தரைதட்டி நின்றது. அடிக்கட்டை உடைந்தது, வடம் அறுந்து இரண்டு பேர் இறந்தார்கள். விறைத்த வடம் அறுந்தால் இழுபட்ட கோட்டிலேயே சாட்டையாகத் திரும்பி வரும். அந்தக் கோட்டிலும், தளத்தில் கிடக்கும் வட வளையத்துக்குள்ளும் கால் வைக்கக்கூடாது.

தரைதட்டிய கப்பலை மீட்க ப்ரொப்பெல்லர் மட்டும் போதாது. ஆழத்தில் 8,000 பவுண்டு ஈல்ஸ் நங்கூரம் போட்டு, தளத்தில் கப்பித்தொகுதி கட்டி வின்ச்சால் இழுப்பார்கள். ஒரு வடத்துக்குச் சுமார் 50 டன் இழுவை. கடல் ஏற்றத்தின் உச்சத்தில்தான் முழு இழுப்பு.

என்ஜின்ரூம்:
பக்கவாட்டு இழுப்பும் ஆபத்துதான். வடம் கட்டும் இடத்தை அமர நுனியில் வைக்காமல் நடுவை ஒட்டி வைக்கிறார்கள். பின்னால் இருந்தால் சுக்கான் எடுபடாது. ஆனால் நடுவில் இருக்கும்போது இழுபடும் கப்பல் முந்திப் பக்கமாக வந்தால் டக்கே கவிழும். வடத்தை உடனே விட்டுவிட வழி இருக்கணும்.

வடக்கயிறு:
1946இல் கடலோரக் காவல்படைக்குப் போய், தமரோவா என்று பெயர் மாறியது. 1963இல் நியூயார்க்கின் புரூக்லினில் மிதக்கும் உலர்துறையில் (கப்பலைத் தூக்கிப் பழுதுபார்க்கும் மேடை) இருந்தபோது, குடித்திருந்த சிப்பந்தி ஒருவர் துறையின் வால்வுகளைத் திறந்துவிட, டார்பிடோவுக்கு அகப்படாத கப்பல் துறையிலேயே பாதி மூழ்கியது! மீட்டு ஓட்டினார்கள். 1991 அக்டோபர் புயலில், எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கிய ஹெலிகாப்டரின் ஐவரில் நால்வரைப் பக்கவாட்டில் தொங்கவிட்ட வலை வழியாக ஏற்றியது. 1994இல் ஓய்வு. 2017 மே மாதம் நியூஜெர்சிக்கு அப்பால் செயற்கைப் பவளத்திட்டாக மூழ்கடித்தார்கள்.