புதுப்பிப்பு: வெயிலில் ஸ்கூட்டர் திரை கறுத்துப்போன சிக்கல் தீர்ந்தது

மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் வெயிலில் என் ஸ்கூட்டரின் டிஜிட்டல் திரை கறுத்துப்போகிறது, வேகமே தெரிவதில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

முதலில் திரைமேல் மேட் (பளபளப்பில்லாத) படலம் ஒட்டினேன். வானத்தின் பிரதிபலிப்பு குறைந்தது, கறுப்பு போகவில்லை. பிறகு, ரோஸ் ஹில் ஊரிலிருந்து பதில் சொன்ன அண்ணன் சொன்னபடி குளிர்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். எண்கள் பளிச்சென்று தெரிந்தன! என் போலரைஸ்டு (ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும்) கண்ணாடிதான் குற்றவாளி; நான் வீணாகத் திரையைத் திட்டிக்கொண்டிருந்தேன். எல்சிடி திரையின் ஒளி ஒரே தளத்தில் அதிர்கிறது. கண்ணாடியின் வடிகட்டி அதற்குக் குறுக்காக அமைந்தால் ஒளி அடைபடுகிறது. தலையைச் சாய்த்தால் எண்கள் திரும்பி வருகின்றன.

இப்போது சாதாரண நிறக் கண்ணாடி அணிகிறேன். எதிர்பாராதது ஒன்று: படலத்தால் இரவில் எண்கள் சற்று மங்குகின்றன. நண்பகலுக்கு உதவுவதால் உரிக்கவில்லை.