சாட்ஸ்வொர்த்தில் ஊழியம்: மாத அறிக்கையில் நான் என்ன எழுதுவது?

நாசரேத்து_தம்பி:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்கு 23 வயது, ஊர் நாசரேத் பக்கம். ஒரு வருட ஊழியத்துக்காக தென்னாப்பிரிக்காவில் டர்பன் வந்து ஐந்து மாதம் ஆகிறது, தங்கியிருப்பது சாட்ஸ்வொர்த்தில். காலையில் ஜெபம் முடிந்ததும் சபை சமையல்கட்டில் காய் நறுக்குவேன், பத்து மணிக்கு சூப்பும் ரொட்டியும் கொடுப்போம், மதியம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம், சாயங்காலம் வீடு சந்திப்பு. வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

வரும்போது நாற்பது பிரசங்கம் தமிழில் எழுதி எடுத்து வந்தேன். இங்கே கோவெண்டர், பிள்ளை, மூட்லி என்று பெயர் சொல்கிறார்கள், முகமும் நம் ஊர் முகம்தான், ஆனால் தமிழில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசினால் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். போன வாரம் ஒரு வீட்டில் ஆயா (பாட்டியை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) டீ கொடுத்தார், அவர் கையைப் பிடித்து ஜெபித்தேன். அப்போது உள்ளே வந்த மகன், "எங்கள் குடும்பத்தைப் பிரிக்கவா இவ்வளவு தூரம் வந்தாய்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை, ராத்திரி தூக்கமும் வரவில்லை.

அனுப்பிய சங்கத்துக்கு மாதாமாதம் அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஐந்து மாதமாக அது காலி. நான் கர்த்தருக்கு உண்மையாக இருக்கிறேனா என்றே சந்தேகம் வந்துவிட்டது. இங்கே ஊழியம் செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஃபீனிக்ஸ்_அக்கா:

தம்பி, நான் டர்பனிலேயே ஃபீனிக்ஸ் பகுதியில் இரண்டு வருடம் இருந்தேன். முதல் ஆறு மாதம் நானும் அழுதேன். பிறகு பேசுவதைக் குறைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன், அதற்கப்புறம்தான் ஜனங்கள் என்னை வீட்டுக்குள் கூப்பிட்டார்கள். துக்க வீட்டுக்குப் போ. கோயில் வீடா சபை வீடா என்று பார்க்காதே. நாற்காலி தூக்கிப் போடு, பாத்திரம் கழுவு. புரட்டாசியில் இங்கே நிறைய வீடுகளில் மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது, அந்த மாதம் கோழி வாங்கிக்கொண்டு யார் வீட்டுக்கும் போய் நிற்காதே.

தமிழ் வேண்டாம் என்று நினைத்துவிடாதே. நடக்க முடியாத ஒரு பாட்டி, நான் போகும்போதெல்லாம் அவர் அம்மா பாடிய தாலாட்டில் இரண்டு வரியைச் சொல்லிவிட்டு அர்த்தம் கேட்பார். எழுபது வருடமாக அர்த்தம் தெரியாமலே அதை வைத்திருந்திருக்கிறார். நான் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. அந்த மாதம் அறிக்கையில் அதைத்தான் எழுதினேன். கட்டம் காலியாக இருக்கட்டும், நடந்ததை எழுது.

ஐந்தாம்_தலைமுறை:

நான் டர்பனில் பிறந்தவன், பெரியவனான பிறகு தமிழ் படித்தேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தம்பி, நாங்கள் தமிழை வேண்டுமென்று தொலைக்கவில்லை. 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் இங்கே வந்தது. 1911 வரைக்கும் மொத்தம் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில், அதாவது டர்பன் இருக்கும் இந்த மாகாணத்தில், இறங்கினார்கள். கரும்புத் தோட்டத்தில் வெட்டிக்கொண்டே பிள்ளைகளுக்குத் திண்ணைப் பள்ளி நடத்தியவர்கள் எங்கள் பெரியவர்கள். 1950இல் எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டம் வந்து, கேட்டோ மேனர் மாதிரி இடங்களில் இருந்தவர்களைக் கிளப்பி யூனிட் யூனிட்டாக சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டபோது கோயில், பள்ளி, அக்கம்பக்கம் எல்லாம் சிதறிப்போனது. பள்ளிக்கூடமும் வேலையும் ஆங்கிலம். பிள்ளைகள் வேறு என்ன பேசுவார்கள்?

அந்த மகன் கோபப்பட்டது ஏன் என்று எனக்குத் தெரியும். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு ஒரு ஊழியர் வந்து, என் ஆயாவிடம் காமாட்சி விளக்கைக் குப்பையில் போடச் சொன்னார். அது அவர் மாமியார் கையிலிருந்து வந்த விளக்கு. என் சித்தி ஏற்கெனவே சபைக்குப் போய்க்கொண்டிருந்தார், அன்றைக்குப் பிறகு ஆயாவும் சித்தியும் நான்கு வருடம் பேசவில்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை.

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு குழாயில் தண்ணீர் வராமல் கிடந்த நாட்களில், சபையிலிருந்து ஒரு பையன் தினமும் டேங்கர் வரிசையில் நின்று அதே ஆயாவுக்கு இரண்டு வாளி கொண்டுவந்து வைத்தான். ஒரு நாளும் எதுவும் பிரசங்கிக்கவில்லை. ஆயா சாகும்வரை சாமி கும்பிட்டார், அந்தப் பையனுக்காகவும் கும்பிட்டார். சாவுக்கு அவனும் வந்து தோள் கொடுத்தான்.

புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலில் கூட்டம் கூடும், ஆச்சரியப்படாதே. தோட்டத்தில் அன்று விடுமுறை, அதனால் அன்றே திருவிழா வைத்தார்கள் என்று தாத்தா சொல்வார். நீ வந்தால் என் பக்கத்தில் நிற்கலாம், உன்னை யாரும் கும்பிடச் சொல்ல மாட்டார்கள்.

துறைமுகத்துக்காரன்:

மேலே சொன்னதெல்லாம் சரி. நான் இரண்டு நடைமுறை விஷயம் சொல்கிறேன். வீடு சந்திப்பை இருட்டுவதற்குள் முடித்துவிடு, தனியாகப் போகாதே, போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதே. இங்கே டாக்ஸி என்றால் பலர் சேர்ந்து போகும் வேன், அதில் முன்னால் உட்கார்ந்தால் எல்லார் காசையும் வாங்கி எண்ணி சில்லறை கொடுப்பது பெரும்பாலும் உன் வேலையாகிவிடும், பழகாதவரை பின்னால் உட்கார். கொஞ்சம் ஜூலு மொழியும் படி. "சானிபோனானி" என்று வணக்கம் சொன்னாலே சூப் வரிசையில் நிற்பவர்கள் முகம் மாறும். அவர்களும் உன் சபை ஜனங்கள்தான்.

நாசரேத்து_தம்பி:

எல்லாருக்கும் நன்றி. விளக்கு விஷயத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஆயாவின் கையைப் பிடிக்கும் முன்னால் ஜெபிக்கலாமா என்று நான் அவரிடம் கேட்கவே இல்லை, இப்போதுதான் உறைக்கிறது. நேற்று அதே வீட்டுக்குப் போய் மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது, ஆயாவின் அப்பா கொண்டுவந்த ஒரு தாள் இருக்கிறது, தமிழில் ஏதோ எழுதியிருக்கிறது, சனிக்கிழமை வந்து படித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். போகிறேன். அண்ணா, புனித வெள்ளிக்குக் காலை ஆராதனை முடிந்ததும் வருகிறேன், எந்த இடத்தில் நிற்பீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.