இல்லாத ஃபங்ஷனை ஏஐ எழுதிக் கொடுத்து மாட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கு உண்டா?

இரவுப்பணி
பைத்தானில் அட்டவணைத் தரவைக் கையாளும் பாண்டாஸ் லைப்ரரியின் 2.0 வெர்ஷனில், டேட்டாஃபிரேமில் வரிசை சேர்க்கும் அப்பெண்ட் ஃபங்ஷனை எடுத்துவிட்டார்கள். 2023இலிருந்தே எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. சம்பளக் கணக்கு ஓட வேண்டிய மாதக் கடைசி இரவு. புதிதாகச் சேர்ந்த தம்பி ஏஐ உதவியோடு எழுதிய கோடைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தது நான்தான். நடுவில் ஒரு அப்பெண்ட் இருந்தது. வருஷக்கணக்காகப் பழகிய கண், அதைத் தாண்டிப் போய்விட்டது. அவன் லேப்டாப்பில் இருந்தது பாண்டாஸ் 1.5, எச்சரிக்கை காட்டிவிட்டு ஓடியிருக்கிறது. சர்வரில் 2.1. இரவு ஒன்றே முக்காலுக்கு 'அப்படி ஒன்று இல்லை' என்று அட்ரிபியூட் எரர். அதற்குப் பதில் கான்கேட் ஃபங்ஷனைப் போட்டுச் சரிசெய்ய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் தம்பி திரையைப் பார்த்தபடியே, "அண்ணா, இருக்குன்னு அவ்வளவு உறுதியா எழுதிக் கொடுத்துச்சேண்ணா" என்றான். என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை.

தறிநூல்
உங்களுக்காவது எரர் வந்தது. எனக்கு அதுவும் வரவில்லை. ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் நோட்; அதில், வேறு சர்வரிடம் தரவு கேட்கும் ஃபெட்ச் கால். ஆப்ஷன்ஸுக்குள் 'டைம்அவுட்: 5000' என்று ஏஐ எழுதிக் கொடுத்தது. ஃபெட்ச்சுக்கு அப்படி ஒரு ஆப்ஷனே கிடையாது. தெரியாத பெயர் வந்தால் சத்தமில்லாமல் விட்டுவிடும். அதே வேலைக்கான ஆக்சியாஸ் லைப்ரரியில் உண்டு. நோட்-ஃபெட்ச் லைப்ரரியின் 2ஆம் வெர்ஷனில் இருந்தது, 3இல் எடுத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டது. மூன்று வாரம் கழித்து எதிர்ப்பக்கச் சர்வர் திணறிய அன்று, எங்கள் கோரிக்கை ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் வரை தொங்கியது. கோடைத் திறந்தால் அந்த வரிக்கு மேலேயே ஒரு கமெண்ட்: 'ஐந்து நொடியில் பதில் வராவிட்டால் துண்டிக்கப்படும்'. அதை நம்பித்தான் அந்த மூன்று வாரமும் நிம்மதியாக இருந்திருக்கிறேன். இப்போது, நேரம் கடந்தால் நிஜமாகவே துண்டிக்கும் அபார்ட்சிக்னல்.டைம்அவுட் போட்டிருக்கிறோம்.

கல்தூண்
இரவுப்பணி, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இதில் ஏஐயைக் குறை சொல்வது சரியில்லை. எந்த வெர்ஷன் என்று நீங்கள் சொன்னீர்களா? அது படித்து வளர்ந்த கோடில் பெரும்பாலானது 2.0க்கு முந்தையது. எனக்கும் சைகிட்-லேர்ன் என்ற மெஷின் லேர்னிங் லைப்ரரியில் நடந்தது. ஒன்ஹாட்என்கோடரின் 'ஸ்பார்ஸ்' என்ற ஆப்ஷன் 1.2இல் 'ஸ்பார்ஸ்_அவுட்புட்' ஆனது, 1.4இல் பழைய பெயர் போயே போய்விட்டது. திருத்தச் சொன்னால் மன்னிப்புக் கேட்டுவிட்டு அதே வரியைத் திரும்ப எழுதியது.

அன்றிலிருந்து நான் செய்வதைச் சொல்கிறேன். நிறுவிய லைப்ரரிகளின் வெர்ஷன் எண்கள் இருக்கும் லாக் ஃபைலைப் படித்து, வெர்ஷன் எண்ணைச் சொன்ன பிறகுதான் எழுத வேண்டும் என்று ஏஐக்கான விதிகளை எழுதி வைக்கும் ஏஜென்ட்ஸ்.எம்டி கோப்பில் முதல் வரியாகவே போட்டுவிடுங்கள். பைத்தான் என்றால், ஒரு ஃபங்ஷன் எந்தெந்தப் பெயர்களை ஏற்கும் என்று காட்டும் இன்ஸ்பெக்ட்.சிக்னேச்சர் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நிறுவியிருக்கும் லைப்ரரி தானே பதில் சொல்லும், அதைவிட நம்பகமான ஆவணம் கிடையாது. டைப்ஸ்கிரிப்ட் என்றால் நோட்_மாட்யூல்ஸுக்குள் இருக்கும் டைப் கோப்பைப் படிக்கச் சொல்லுங்கள். கோ மொழிக்கு 'கோ டாக்' கட்டளையே போதும். அப்புறம், 2024 நவம்பரில், ஏஐயை வெளிக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி வந்த பிறகு, ஆவணத்தைத் தேடி எடுத்துக் கொடுக்கவே கான்டெக்ஸ்ட்7 மாதிரி சர்வர்கள் இருக்கின்றன. ஒன்றை இணைத்துவிட்டால் இந்தத் தொல்லை இருக்காது. தறிநூல், டைப்ஸ்கிரிப்டில் எழுதியிருந்தால் அந்த டைம்அவுட்டுக்கு அப்போதே சிவப்புக் கோடு விழுந்திருக்கும்.

தறிநூல்
தெரியும். ஏழு வருஷப் பழைய ஜாவாஸ்கிரிப்ட் கோட் அது. மாற்றும் முடிவு என் கையில் இல்லை.

சாரல்
தொல்லை இருக்காது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், கல்தூண். ஆவணச் சர்வர் இணைத்த பிறகுதான் எனக்கு அடி விழுந்தது. எங்கள் ப்ராஜெக்ட், தரவைச் சரிபார்க்கும் பைடான்டிக் லைப்ரரியின் 1.10 வெர்ஷனில் நிற்கிறது. ஏஐ சமர்த்தாகப் போய் ஆவணத்தைப் படித்து, 'டிக்ட்' என்று இருந்த இடத்தையெல்லாம் 'மாடல்_டம்ப்' ஆக்கிவிட்டது. படித்தது 2ஆம் வெர்ஷன் ஆவணம். பதினேழு கோப்புகள். டெஸ்ட் ஓட்டியதும் திரை முழுக்கச் சிவப்பு. நான் சண்டைக்குப் போனால், ஆவணத்தில் இருக்கும் வரியையே எடுத்துக் காட்டுகிறது. அது காட்டிய வரி சரிதான், எங்களிடம் இருக்கும் லைப்ரரிக்குத்தான் சரியில்லை. முன்னே நினைவிலிருந்து தப்பாகச் சொன்னபோது எனக்குச் சந்தேகமாவது வந்தது. ஆவணத்தைக் காட்டியதும் அதுவும் போய்விட்டது. அதனால் தேடும் கேள்வியிலேயே வெர்ஷன் எண் இருக்க வேண்டும். நீங்கள் சொன்னதில் இன்ஸ்பெக்ட் வழிதான் எனக்கு உதவியது.

புதுவரவு
என்னுடையது சின்ன விஷயம். பிடிஎஃப் அட்டவணை எடுக்க ஒரு பேக்கேஜ் பெயர் கொடுத்தது. கேட்டால் நிஜம்போலவே இருக்கும் பெயர். அதை நிறுவ பிப் இன்ஸ்டால் என்று அடித்துவிட்டு, என்டர் மேல் விரல் இருக்கும்போது ஏதோ தோன்றி பைத்தான் பேக்கேஜ்கள் இருக்கும் பைபிஐ தளத்தில் தேடினேன். அப்படி ஒன்றுமே இல்லை. யாராவது அந்தப் பெயரில் விஷத்தை ஏற்றி வைத்திருந்தால்? இப்போதும் அந்த விசையை அழுத்துமுன் கை ஒரு நொடி நிற்கிறது.

இரவுப்பணி
கல்தூண், நான் ஏஐயைக் குறை சொல்லவில்லை. ஒப்புதல் கொடுத்தது நான் என்றுதான் எழுதியிருக்கிறேன். சாரல் சொன்ன இன்ஸ்பெக்ட் வழியைத் தம்பிக்கும் சொல்லிக் கொடுத்தேன். கோடுக்கு ஒப்புதல் கேட்கும் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டிலும், தொட்ட ஃபங்ஷனின் சிக்னேச்சரையும் வெர்ஷனையும் ஒட்டி அனுப்புகிறான். நேற்று வந்ததைப் பார்த்தேன், வெர்ஷன் 1.5 என்று இருந்தது. மறுபடியும் லேப்டாப்பில் எடுத்திருக்கிறான். சர்வரில் ஓட்டி எடுத்துப் போடு தம்பி என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.