சனசமூக நிலைய வாசிகசாலைக்கு வந்த யூதர் பற்றிய நூல்கள், சிறுபிரசுரங்கள்: எப்படிப் பகுத்துப் பேணுவது?

வடமராட்சி வாசிகசாலை:

வணக்கம். எங்கட சனசமூக நிலைய வாசிகசாலைக்கு வெளிநாட்டிலயிருந்து இரண்டு பெட்டி வந்திருக்கு. ஏறக்குறைய 40 புத்தகம், 70 சிறுபிரசுரம். எல்லாம் யூதரைப் பற்றினது: பண்டிகை விளக்கம், சமையல், செபப் புத்தகம், கொச்சி யூதர் வரலாறு, நாசிகள் செய்த படுகொலை. பத்துப் பன்னிரண்டு எபிரேய எழுத்தில இருக்கு.

புத்தகங்களைப் பொருள்வாரியா எண் போட்டுப் பிரிக்கிற டூயி தசமப் பகுப்பின்ர சுருக்கப் பதிப்புத்தான் எங்களிட்ட இருக்கு. எல்லாத்தையும் 296 எண்டு போட்டு ஒரே தட்டில அடுக்கலாமா? எபிரேயப் புத்தகத்தில எது முன்பக்கம், எந்த ஆண்டு அச்சடிச்சது எண்டு எப்பிடிப் பார்க்கிறது? சிறுபிரசுரங்களின்ர கம்பி முழுக்கத் துரு. சிலதில இராமபாணப் பூச்சி அரிச்சிருக்கு. வாசிக்க வாறது பெரும்பாலும் உயர்தரத்தில கிறிஸ்தவ நாகரிகம் படிக்கிற பிள்ளையளும் ஓய்வுபெற்ற ஆசிரியர்மாரும்.

பகுப்பெண்:

296 யூத சமயத்துக்கு உரிய எண். யூத மக்களுக்கு உரியது அல்ல. இதைப் பிடித்துக்கொண்டால் பெட்டியில் பாதி தானாகப் பிரிந்துவிடும்.

ஓய்வுநாள், செபம், தல்மூத் (யூதச் சட்ட விளக்கத் தொகுப்பு), பண்டிகை எல்லாம் 296. பண்டிகைப் பிரசுரங்கள் கூடுதலாக இருந்தால் 296.43 வரை போங்கள். எகிப்திய அடிமைத்தனத்திலிருந்து மீண்டதை நினைக்கும் பாஸ்கா பண்டிகைக்கு மட்டும் 296.437. உணவு விலக்கு விதிகள் 296.73, ஆனால் சமையல் குறிப்பு 641.5676. இந்த இரண்டையும் குழப்பினால் சமையல் புத்தகம் தேடி வருபவர் தல்மூத்துக்குப் பக்கத்தில் போய் நிற்பார். உலக யூதர் வரலாறு 909.04924, நாசிப் படுகொலை 940.5318, எபிரேய மொழி 492.4, எபிரேய இலக்கியம் 892.4, இத்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதரின் மொழி) இலக்கியம் 839.1. கொச்சி யூதருக்குக் கேரளத்தின் 954.83 போதும். இஸ்ரேல், பலஸ்தீன வரலாறு 956.94. அதை ஒருபோதும் 296 உடன் சேர்க்காதீர்கள். அரசியல் புத்தகமும் வழிபாட்டுப் புத்தகமும் ஒரே தட்டில் இருந்தால் ஒரு மக்களின் அன்றாட வாழ்வு முழுவதும் செய்திகளுக்குள் அமுங்கிப் போகும்.

தட்டில் பிரிந்தவற்றைப் பட்டியல்தான் சேர்த்துக் காட்ட வேண்டும். தமிழில் இதிலேயே பெரிய சிக்கல் வரும். புரொட்டஸ்தாந்து வேதாகமத்தில் வளர்ந்தவர் பஸ்கா, ஜெப ஆலயம், இஸ்ரவேல் என்று தேடுவார். கத்தோலிக்கர் பாஸ்கா, தொழுகைக்கூடம், இஸ்ரயேல் என்று தேடுவார். யூதர் பாஸ்கா பண்டிகையைப் பெசாக் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் முதல் இரு வகை வாசகரும் உண்டு. ஒரு வடிவத்தைத் தலைப்பாக எடுத்து, மற்றவற்றுக்கு ஒவ்வொரு அட்டை எழுதி 'பார்க்க: பாஸ்கா' என்று போடுங்கள். இஸ்ரேல் என்பதை இன்றைய நாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விவிலியக் கால மக்களுக்கு இஸ்ரயேலர். யூதர், யூதர்கள், இயூதர் என மூன்று விதமாக எழுதினால் ஒரே பொருள் மூன்று இடத்தில் சிதறும்.

எபிரேய வேதத்துக்கு எண் 221. பட்டியலில் 'பழைய ஏற்பாடு' என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். யூதர் அதைத் தனாக் என்பர். அவர்கள் கணக்கில் 24 நூல். புரொட்டஸ்தாந்தார் அதையே 39 ஆகப் பிரிக்கிறார்கள், வரிசையும் மாறும். உயர்தரப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரிக் குறிப்பே பெரிய உதவி.

எது சிறுபிரசுரம் என்ற கேள்வி வந்தால், அட்டை தவிர 5 முதல் 48 பக்கம் வரை என்பது யுனெஸ்கோ வரையறை. 49 பக்கமென்றால் புத்தகமாகவே பதியுங்கள். மற்றவற்றைத் தனித்தனியாகப் பதியாமல், பொருள்வாரியாகப் பெட்டியிலிட்டு, பெட்டிக்கு ஒரு எண்ணும் உள்ளே ஒரு பட்டியலும் போதும்.

மட்டைக்கட்டு:

எண் போட முதல் பூச்சியைப் பாருங்கோ. அரிச்ச பிரசுரம் ஒண்டை நல்ல புத்தகத்தோட ஒரு றாக்கையில வைச்சால் மற்றதுக்கும் பரவும். தடிப்பான பொலித்தீன் பையில போட்டு, காற்றை அமத்தி வெளியேற்றி, ரேப்பால ஒட்டுங்கோ. பிறகு உறைபெட்டியில, அதாவது ஐஸ் கட்டிற பகுதியில, மறை 18 (-18) பாகை செல்சியசில இரண்டு கிழமை. கீழ்த்தட்டில வைச்சுப் பிரியோசனமில்லை, அந்தக் குளிருக்குப் பூச்சி சாகாது. வெளியில எடுத்த உடன பையைத் திறக்காதேங்கோ. எங்கட வெக்கைக்குக் குளிர்ந்த தாள் உடன வேர்க்கும். ஒரு நாள் முழுக்க அப்பிடியே கிடக்கட்டும். நனைஞ்சது, பூஞ்சணம் பிடிச்சது இருந்தால் முதல் நிழலில காயவிட்டு, மூக்கை மூடிக்கொண்டு வெளியில வைச்சு மெல்லிய தூரிகையால தட்டுங்கோ.

கம்பி கழட்டிறதுக்கு அலுவலகத்தில வைச்சிருக்கிற கம்பி பிடுங்கி கூடாது, மடிப்பைக் கிழிச்சுப் போடும். பிரசுரத்தை நடுவில விரிச்சு, மழுங்கின கத்தியால கம்பியின்ர இரண்டு காலையும் நிமித்தி, பிறகு முதுகுப் பக்கத்தால மெதுவா இழுங்கோ. துரு தாளோட ஒட்டியிருந்தால் காலைத் துண்டாக்கி எடுங்கோ.

பிறகு தைக்கிறது. பழைய ஓட்டையைப் பாவிக்காதேங்கோ, துரு பட்ட தாள் அதிலயே கிழியும். நடுவில ஒண்டு, மேல கீழ ஒவ்வொண்டு எண்டு புதுசா மூண்டு ஓட்டை. பெரிய பிரசுரத்துக்கு அஞ்சு. நூல் நீளம் முதுகின்ர உயரத்தைப்போல இரண்டரை மடங்கு. பருத்தி நூல்தான், சட்டை தைக்கிறதிலயும் கொஞ்சம் தடிப்பாக. நைலோன் தாளை அறுக்கும். உள்பக்கம் நடு ஓட்டையால வெளியில போய், மேல் ஓட்டையால உள்ள வந்து, நடுவைத் தாண்டிக் கீழ் ஓட்டையால வெளியில போய், திரும்ப நடுவால உள்ள வாங்கோ. உள்ள நிக்கிற நீள நூலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு முனை வரவேணும். அதைப் பிடிச்சு முடிச்சுப் போட்டால் நூல் அசையாது. இறுக்கிறபோது முதுகின்ர நீளவாக்கில இழுங்கோ, மேல்நோக்கி இழுத்தால் தாள் கிழியும்.

ஒட்டுரேப் வேண்டவே வேண்டாம். ரேப் சில வருசத்தில கழண்டு விழும், பசை மஞ்சளாகித் தாளில நிண்டுவிடும். கோதுமை மாப்பசை நல்லதுதான், ஆனால் கனக்கப் பூசினால் அதுவே இராமபாணத்துக்குச் சாப்பாடு. பச்சை வேப்பிலையில ஈரம் இருக்கு, நல்லாக் காய்ஞ்சதைத்தான் வைக்கவேணும். பூச்சி உருண்டை ஆக்கள் இருந்து வாசிக்கிற அறைக்குச் சரியில்லை.

பெட்டியைச் சுவரிலயிருந்து 10 சென்ரிமீற்றர், நிலத்திலயிருந்து 15 சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கோ. மாரியில சுவர் ஊறும், கறையானும் சுவராலதான் ஏறும். வழுவழுப்பான படத்தாள் பிரசுரம் நனைஞ்சு காய்ஞ்சால் கட்டியா ஒட்டிப்போகும், பிறகு பிரிக்கேலாது. அதுகளை மேல் தட்டில வையுங்கோ.

அலெஃப்:

எபிரேயம் வலமிருந்து இடமாக ஓடும். முதுகு உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி பிடித்தால் தெரிவதுதான் முன்னட்டை. நாம் 'பின்பக்கம்' என்று நினைக்கும் இடத்தில்தான் தலைப்புப் பக்கம் இருக்கும். வாசிகசாலை முத்திரை அங்கேதான் விழ வேண்டும். இருமொழிப் பதிப்பில் இரண்டு பக்கமும் தலைப்புப் பக்கம் இருக்கலாம், இரண்டிலும் குத்துங்கள்.

நேரா தலைகீழா என்று அறிய எழுத்துத் தெரியத் தேவையில்லை. எபிரேயத்தில் வரியை விட்டு மேலே எழும்பும் எழுத்து லாமெத் ஒன்றுதான். கழுத்து நீண்ட அந்த எழுத்து மேல்நோக்கி நின்றால் புத்தகம் நேர். அதே எழுத்துகளில் இத்திஷ் மொழியும் அச்சாகும். அயின் என்ற எழுத்து ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லிலும் வந்தால் இத்திஷ் என்று கொள்ளலாம்.

ஆண்டை எழுத்தால் எழுதுவார்கள். கடைசி எழுத்துக்கு முன் இரட்டை மேற்கோள் போன்ற குறி இருந்தால் அது எண். தாவ் 400, ஷீன் 300, ஹெத் 8. மூன்றும் சேர்ந்தால் 708. அதோடு 1240 கூட்டினால் 1948. ஐயாயிரத்தை எழுதாமல் விடுவது வழக்கம், முழு ஆண்டு 5708. யூத ஆண்டு செப்ரெம்பர், ஒக்ரோபரில் பிறப்பதால் பட்டியலில் 1947/48 என்று இடுவதே சரி. 1940க்குப் பிந்திய அச்சென்றால் தாவும் ஷீனும் முதலில் நிற்கும். எழுத்து வரிசை சிலவேளை மாறும். 744இல் வழமையான வரிசை அழிவு என்ற பொருளைத் தரக்கூடியது என்பதால் பலர் எழுத்தை மாற்றிப் போட்டார்கள். கூட்டுத்தொகையைத்தான் பார்க்க வேண்டும்.

வடமராட்சி வாசிகசாலை:

எல்லாருக்கும் நன்றி. இன்னும் இரண்டு. ஒரு எபிரேய செபப் புத்தகம் பாதிக்கு மேல கிழிஞ்சு போச்சு, கழிச்சுவிடலாமா? மற்றது, சீயோன் மூப்பர்களின் இரகசியத் திட்டம் எண்டு ஒரு பிரசுரம் இதுக்குள்ள கிடக்கு. இதுவும் யூத சமயத்துக்குள்ளதானா?

அலெஃப்:

செபப் புத்தகத்தை எரிக்கவோ பழைய பேப்பர்காரரிடம் கொடுக்கவோ வேண்டாம். கடவுளின் பெயர் எழுதப்பட்ட ஏட்டை யூதர் எறிவதில்லை. கெனிசா என்ற இடத்தில் சேர்த்து வைத்துப் பின் மண்ணில் புதைப்பார்கள். கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் அப்படிச் சேர்ந்த ஏடுகளைத்தான் 1896-97இல் சொலமன் ஷெக்டர் என்ற யூத அறிஞர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். அந்தக் கெனிசாவில், 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் இருந்து வாணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜுவின் கடிதங்களும் இருந்தன. உங்கள் புத்தகத்தைத் துணியில் சுற்றிப் பெட்டியில் 'வழங்குவதற்கல்ல' என்று எழுதி வையுங்கள். இனிப் பேண முடியாது என்றால் துப்புரவான இடத்தில் புதையுங்கள். சமையல், வரலாறு போன்றவற்றுக்கு இந்த விதி இல்லை.

பகுப்பெண்:

அந்தப் பிரசுரம் சமய நூல் அல்ல, யூதர் உலகை ஆளச் சதி செய்வதாகக் காட்டும் போலி. ரஷ்யாவில் 1903இல் முதலில் அச்சானது. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைத் தாக்கி மொரிஸ் ஜோலி 1864இல் எழுதிய பிரெஞ்சு நூலிலிருந்து பந்தி பந்தியாக எடுக்கப்பட்டது என்பதை 1921இல் லண்டன் டைம்ஸ் பத்திரிகை வெளிக்கொணர்ந்தது. 296இலும் வரலாற்றிலும் வைக்காதீர்கள். யூத வெறுப்பு என்ற தலைப்பில் 305.8924, 'போலி ஆவணம், 1921இல் நிரூபிக்கப்பட்டது' என்ற குறிப்புப் பட்டியலிலும் முதல் தாளுக்கு முன் ஒட்டிய துண்டிலும் இருக்கட்டும். திறந்த தட்டில் வேண்டாம், கேட்பவருக்கு எடுத்துக் கொடுங்கள். யூத சமயத்தைக் குறைசொல்லி வேறு சமயத்தவர் வெளியிட்ட பிரசுரங்களும் இப்படிப் பெட்டிகளில் கலந்து வரும். ஒவ்வொன்றிலும் வெளியீட்டாளர் யார் என்று பார்த்த பிறகே எண் இடுங்கள்.

கச்சேரியடி:

தட்டில் இடமிருந்தால் இலங்கைத் தொடர்பையும் சேர்க்கலாம். 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணக் கச்சேரியில் (மாவட்ட அரச அலுவலகத்தில்) பணியாற்றிய ஆங்கில எழுத்தாளர் லெனார்ட் வூல்ஃப் லண்டன் யூதக் குடும்பத்தவர். மலையகத்தின் புசல்லாவையில் ரொத்சைல்ட் என்ற பெருந்தோட்டத்தைத் தொடக்கிய டி வோர்ம்ஸ் சகோதரர்களும் யூதரே. கேரளத் தொடர்பும் உண்டு: கொடுங்கல்லூர் யூதரின் தலைவரான யோசேப்பு ரப்பானுக்குச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஏறக்குறைய 1000ஆம் ஆண்டில் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. அதன் படம் ஒன்றைப் பெரிதாக எடுத்துச் சுவரில் போட்டால் எங்கள் பிள்ளைகள் நின்று எழுத்துக்கூட்டிப் பார்ப்பார்கள்.

இலங்கைத் தொடர்புள்ள இன்னொருவர் ஆன் ரணசிங்க. 1925இல் ஜெர்மனியின் எசன் நகரில் பிறந்து, 1939இல் சிறுமியாக இங்கிலாந்துக்குத் தப்பி, இலங்கை மருத்துவரை மணந்து கொழும்பில் வாழ்ந்து 2016இல் மறைந்த கவிஞர். அவருடைய கவிதைகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை என்பதால் 821இல் போகும். 940.5318 அட்டையிலும் அவர் பெயருக்கு ஒரு 'மேலும் பார்க்க' எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் படுகொலை பற்றித் தேடி வரும் மாணவர் அவரைக் காணாமலே போய்விடுவார்.